தைத்த கலமும் போர்த்த தளமும்

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையிலே பாசிர் ரிஸ் என்னும் ஊர் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளும் கடலோரப் பூங்காவும் அமைந்த இவ்வூரின் பெயரை நாள்தோறும் சொல்வோர் பலர். பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலர். மலாய் மொழியில் 'பாசிர்' என்பது மணல். 'ரிஸ்' என்பது கப்பற்பாயின் ஓரம் கிழிந்துவிடாதபடி அதனோடு சேர்த்துத் தைக்கும் விளிம்புக் கயிறு. அக்கயிறு போல ஒடுங்கி நீண்ட மணற்கரை என்பது இப்பெயருக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலே கம்போங் கிளாம் இருக்கிறது. அதுவும் ஒரு மரத்தால் பெற்ற பெயரே. கெலாம் மரத்தின் பட்டை ஏடு ஏடாக உரியும் தன்மையது. மலாய்ப் படகோட்டிகள் அதனைப் பலகைகளின் இடைவெளியில் திணித்து நீர் புகாமல் அடைத்தனர். ஆக, நாம் அன்றாடம் வழங்கும் ஊர்ப்பெயர்களுள் ஒன்று பாயைக் காக்கும் கயிற்றையும், மற்றொன்று கலத்தைக் காக்கும் பட்டையையும் நினைவூட்டுகின்றன. தொழில் மறைந்த பின்னும் சொல் நின்றது.

இன்று பாசிர் ரிஸ் கரையில் நின்று உபின் தீவுப் பக்கம் நோக்கினால் மிதக்கும் மீன்பண்ணைகளைக் காணலாம். அவற்றிற்குச் சென்று திரும்பும் சிறு படகுகளுள் பல மரத்தால் ஆனவை அல்ல. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய உடலை உடையவை. பழைய மரப்படகைப் புதுப்பிக்க முனைவோரும் அதன் மேல்தளத்தைக் கண்ணாடி இழையால் போர்த்துவது இப்போது பெருவழக்காகிவிட்டது. இஃது அண்மைக்கால வேலை போலத் தோன்றினும், இதற்குப் பின்னே ஈராயிரம் ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. பலகையோடு பலகையைச் சேர்த்து நீரைப் புறத்தே நிறுத்துவது எவ்வாறு என்ற ஒரே கேள்விக்கு மனிதன் கண்ட விடைகள் மூன்று: தைத்தல், அடைத்தல், போர்த்தல். இம்மூன்றையும் முறையே நோக்குவோம்.

மேலிருந்து வரும் கேடு

படகுக்குப் பகை கடல்நீர் என்றே பலரும் கருதுவர். மரக்கலத்தைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. நீருக்கு அடியிலுள்ள மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு உண்டு என்பது மெய்தான். ஆனால் மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஒவ்வாது; அது நாடுவது நன்னீரை. மழைநீர் தளத்தின் இடுக்குகளில் கசிந்து, காற்றுப் புகாத விட்டங்களின் தலைப்பிலே தங்குமாயின், மரம் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகத் தொடங்கும். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும் வரையில் இப்பூஞ்சை தலையெடுப்பதில்லை. அதற்கு மேல் சென்று தங்கிவிட்டால் தடுப்பது கடினம். ஆண்டுக்குச் சராசரி 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் சிங்கப்பூரில் மரப்படகு பெரிதும் அஞ்சவேண்டியது அலையை அன்று, வானத்தையே.

பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் காலைதோறும் தளத்தைக் கடல்நீர் விட்டுக் கழுவினர். அது தூய்மைக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. வெயிலில் காய்ந்த பலகை சுருங்கும்; சுருங்கினால் இணைப்பு வாய் திறக்கும். கடல்நீர் பட்ட பலகை உப்பி வாயை மூடிக்கொள்ளும். உப்பும் ஊறிப் பூஞ்சையைத் தடுக்கும். ஒரே செயலில் இரு பயன் கண்ட அறிவு அது.

முதுமையுற்ற கலம் சங்கப் புலவர் கண்ணுக்கும் தப்பவில்லை. நற்றிணையின் 315-ம் பாட்டில் அம்மூவனார் ஒரு பழைய அம்பியைக் காட்டுகிறார். அதன் வாய் சிதைந்தது. கடலில் செல்லும் தொழில் ஓய்ந்தது. முன்போல நறும்புகை காட்டுவாரும் இல்லை. நன்கு உழைத்து முதிர்ந்த எருதை உழவர் புல்வெளியில் விட்டுவிடுவது போலப் பரதவர் அதனைப் புன்னை நிழலில் மரத்தோடு பிணித்து வைத்திருக்கின்றனர். உழைத்த கலத்தை உடைத்து விறகாக்காமல் நிழல் தேடிக் கட்டிவைத்த அந்த மனமே, இன்று பழைய படகைப் புதுப்பிக்க விழைவோரின் மனமும் ஆகும். ஆனால் நிழல் மட்டும் படகைக் காப்பாற்றாது. அதற்குத் தொழிலறிவு வேண்டும்.

தைத்த கலம்

இந்தியப் பெருங்கடலின் பழைய கலங்கள் பல, ஆணியின்றித் தைக்கப்பட்டவை. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, இணைப்பின் மேல் நாரை வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துத் தைப்பர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், தமிழகத்தின் கீழைக்கரைத் துறைகளில் காணப்பட்ட கலங்களை வகைப்படுத்திக் கூறுகிறது. பெரிய மரங்களைக் குடைந்து ஒன்றாகப் பிணைத்த 'சங்கரா' என்பது ஒரு வகை. கங்கைக்கும் 'கிரைசே' எனப்பட்ட பொன் நாட்டிற்கும் சென்ற 'கொலந்தியா' என்னும் பெருங்கலம் மற்றொரு வகை. அப்பொன் நாட்டை மலாயாவோடு ஒட்டிய நிலப்பகுதியாகக் கொள்வது அறிஞர் பலரின் கருத்து. எனவே இக்கரைக்கும் நம் கரைக்கும் இடையே ஓடிய கலங்களின் வரலாறு ஈராயிரம் ஆண்டு மூப்புடையது.

தைத்த படகைப் பிற்காலத்தார் கண்ணால் கண்டறிய உதவியது சென்னைக் கரையின் மசூலாப் படகு. துறைமுகம் எழுவதற்கு முன்னர், சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழத்தில் நின்றன. பயணிகளையும் பொருள்களையும் அலை மோதும் கரைக்குக் கொண்டுவந்தவை இப்படகுகளே. ஐரோப்பியர் கட்டிய உறுதியான படகுகள் அவ்வலையில் தரைதட்டிப் பிளந்தன. நாரால் தைத்த படகோ, அடி விழும்போது நெளிந்து கொடுத்தது. நெளிந்தமையால் உடையவில்லை. வளைந்து கொடுப்பதும் வலிமையே என்பதை நம் பரதவர் ஏட்டில் எழுதவில்லை, கட்டிக் காட்டினர்.

இக்கலை முற்றும் அழிந்துவிடவில்லை என்பதைச் சிங்கப்பூர் மக்கள் 2010-ம் ஆண்டிலே கண்டனர். 1998-ல் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே 9-ம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆணியின்றித் தைத்த கலம். அதிலிருந்த 60,000 அளவிலான சீன மட்பாண்டங்களில் பெரும்பகுதி இன்று சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருக்கிறது. அக்கப்பலைப் பின்பற்றி ஓமான் நாட்டில் 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்னும் பாய்க்கப்பல் தைத்துக் கட்டப்பட்டது. கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளர் கைத்திறனும் அதில் சேர்ந்தது. 2010 பிப்ரவரியில் ஓமானை விட்டுப் புறப்பட்ட அக்கலம், கொச்சி, காலி, பினாங்கு முதலிய துறைகளைத் தொட்டு ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. நாரும் பலகையும் பெருங்கடலைக் கடந்தன என்ற செய்தி நூற்செய்தியாக நில்லாமல் கண்கண்ட செய்தியாயிற்று.

கலப்பற்று

இரண்டாம் விடை அடைத்தல். பலகைகளை வங்குகளோடு ஆணியால் இறுக்கி, இடைவெளியில் பஞ்சையோ நாரையோ உளியால் திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பிசினைப் பூசுவர். இதற்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். கடற்கரை வழக்கில் 'கலப்பத்து' என்பர். இத்தொழிலைக் கேட்டே கற்கவேண்டும் என்பர் முதியோர். நன்றாக இறுகிய இடத்தில் சுத்தியல் ஒரு விதமாக ஒலிக்கும். பொய்யாக அடைத்த இடத்தில் வேறு விதமாக ஒலிக்கும்.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. கலப்பற்று என்ற சொல், அரபு மொழியிலும் போர்ச்சுகீசிய மொழியிலும் இதே தொழிலைக் குறிக்கும் சொற்களோடு உறவுடையது. சுக்கான், மாலுமி என்பன அரபு வழி வந்தன. நங்கூரம் பாரசீக வழி வந்தது. அதே வேளையில் கலத்தின் முதுகெலும்பாகிய ஏரா, முன்பகுதியாகிய அணியம், விலா எலும்புகள் போன்ற வங்கு ஆகியவை நம் கடற்கரை மக்களின் நாவிலே வழங்கிவந்தவை. கப்பல் என்னும் நம் சொல் மலாய் மொழியில் 'காப்பால்' ஆகி இன்றும் வாழ்கிறது. கடல் மொழி என்பது கொள்வதும் கொடுப்பதுமாக வளர்ந்த மொழி. பொருள் வந்தபோது சொல்லும் வந்தது. சொல் போனபோது பொருளும் கூடப் போயிற்று.

சிங்கப்பூர் ஆற்றின் வரலாற்றிலும் இத்தொழிலுக்கு இடமுண்டு. 1819-க்குப் பிந்தைய முதற் சில பத்தாண்டுகளில், கடலில் நின்ற கப்பல்களுக்கும் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற தொங்காங் படகுகளைச் செலுத்தியோருள் சூலியா மக்கள் முதன்மை பெற்றிருந்தனர். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். சூலியா தெருவும், 1826-ல் தோன்றிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் அவர்களை நினைவூட்டுகின்றன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழில் சீனர் கைக்குப் போயிற்று. 1983-ல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தின்கீழ்ச் சரக்குப் படகுகள் யாவும் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. நூறாண்டுக்கு மேற்பட்ட ஆற்று வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

கலப்பற்றிட்ட தமிழர் கலம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு வல்வெட்டித்துறை சான்று பகரும். யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள அவ்வூரில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அத்துறையோ தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கட்டிய ஊர்.

போர்வையின் முன்னோர்

மூன்றாம் விடை போர்த்தல். இதுவும் கண்ணாடி இழையோடு பிறந்ததன்று. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் கீழைக்கடலில் பயணம் செய்த மார்க்கோ போலோ, இந்தியாவுக்கு வந்துசென்ற பெருங்கப்பல்களைப் பழுது பார்த்த முறையைக் குறித்துள்ளார். ஓராண்டு ஓடிய கப்பலின் பழைய பலகையைக் கழற்றாமல், அதன் மேலேயே புதுப்பலகை ஒன்றை அறைந்து மூடுவராம். மீண்டும் பழுதானால் மீண்டும் ஒரு போர்வை. இவ்வாறு ஆறு அடுக்கு வரை சென்ற பின் அக்கப்பலை ஆழ்கடலுக்கு விடுவதில்லை. சுண்ணாம்பும் நறுக்கிய சணலும் மரநெய்யும் சேர்த்து இடித்த கலவையை அவர்கள் பூசியதையும் அவர் குறிப்பிடுகிறார். நாரும் அதனைப் பற்றும் பசையும் சேர்ந்த அக்கலவையைக் கண்ணாடி இழையின் பாட்டனார் என்றே சொல்லலாம்.

போர்வையில் மறைந்துள்ள ஆபத்தும் பழமையானதே. 1761-ல் ஆங்கிலக் கடற்படை 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகட்டால் போர்த்தியது. கப்பற்புழு அணுகவில்லை, பாசி பிடிக்கவில்லை. ஆனால் ஈராண்டு கழித்துப் பார்த்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் கடல்நீரில் அரிக்கப்பட்டு இற்றுப்போயிருந்தன. போர்வை புதிதாக இருந்தது. அதனைத் தாங்கிய பிடிப்பு அழிந்திருந்தது. காகிதம் இடையே மாட்டியிருந்து செம்பும் இரும்பும் தொடாதிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன. அடியிலுள்ள மரத்தையும் இரும்பையும் அறியாமல் மேலே போர்த்துவது தீமை என்ற பாடத்தை அது புகட்டியது. பின்னர் வெண்கல ஆணிகளைப் பயன்படுத்தியே அக்குறையை நீக்கினர்.

சிறு படகுகளின் தளத்தைக் கித்தான் துணியால் போர்த்தும் வழக்கமும் இருந்தது. பலகை மேல் கெட்டியான சாயத்தைப் பூசி, ஈரம் காயுமுன் கித்தானை இழுத்து விரித்து, ஓரத்தில் அறைந்து, மேலும் சாயம் பூசுவர். அந்தக் கித்தானின் இடத்திற்கே கண்ணாடித் துணி வந்தது.

கண்ணாடி வந்த வழி

கலத்தின் ஓட்டையைக் கண்ணாடி அடைத்த கதை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையைப் பற்றிய செவிவழிக் கதை ஒன்றுண்டு. புயலில் சிக்கிய கப்பல் ஒன்று ஓட்டையாகி மூழ்கும் தறுவாயில் இருந்தது. அவர் அப்போது முகம் மழித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கண்ணாடியை வீசியெறிய, அது சென்று ஓட்டையில் பொருந்தக் கப்பல் பிழைத்ததாம். கடலோடிகளின் காவலராகப் போற்றப்பட்ட அவர் நினைவாகச் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா எழுந்தது. கடல் கடந்து வந்த தமிழர், கரையேறியதும் நன்றி கூறிய இடங்களுள் அஃது ஒன்று.

கதையில் வந்த கண்ணாடி முழுத் தகடு. தொழிலில் வந்த கண்ணாடியோ தலைமயிரினும் மெல்லிய இழை. 1932-ல் அமெரிக்காவின் ஓவன்ஸ் இல்லினாய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்பவர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றார். உருகிய கண்ணாடி மீது அழுத்தக் காற்று பட்டபோது அது இழை இழையாகப் பறந்தது. எதிர்பாராத அந்நிகழ்ச்சியைப் பயன்படுத்தி இழையைப் பெருமளவில் செய்யும் முறை வகுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பாலியெஸ்டர் பிசினும் வந்து சேர்ந்தது. 1942-ல் ஒஹாயோ மாநிலத்து ரே கிரீன் இரண்டையும் சேர்த்துச் சிறு படகு ஒன்றைச் செய்தார். தனித்து நின்றால் நொறுங்கும் கண்ணாடியும், தனித்து நின்றால் வெடிக்கும் பிசினும், சேர்ந்தபோது வலிமை பெற்றன. சுண்ணாம்பும் சணலும் சேர்ந்த பழைய கலவையின் நெறியும் இதுவே.

தமிழர் கரைகளிலும் இது விரைவில் வேரூன்றியது. 1960-களின் இறுதியில் நார்வே மக்களின் உதவியால் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் தோன்றிய சீநோர் நிறுவனம் கண்ணாடி நார்ப் படகுகளைக் கட்டியது. குமரி மாவட்டத்து முட்டத்தில், 1980-களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் நிலையத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. பியர் ஜில்லே என்னும் பொறியாளர் அதில் முன்னின்றார். அம்முறையில் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்துச் சேர்த்து, தையலின் மேல் கண்ணாடி இழையையும் பிசினையும் இட்டு மூடுவர். பழைய தையலும் புதிய போர்வையும் ஒரே படகில் கைகோத்த காட்சி அது. 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு, சோழமண்டலக் கரையில் உடைந்துபோன கட்டுமரங்களுக்கு ஈடாகக் கண்ணாடி இழைப் படகுகள் பெருமளவில் வந்தன. மீனவர் அவற்றைப் 'பைபர் படகு' என்றே அழைக்கின்றனர். நங்கூரத்தையும் சுக்கானையும் ஏற்ற மொழிக்கு இச்சொல்லும் சுமையாகாது.

தளம் அமைக்கும் முறை

இனி, பழைய மரப்படகுக்குக் கண்ணாடி இழைத் தளம் அமைப்பதை நோக்குவோம். இதில் முதல் வேலை பூசுவதன்று, தட்டிப் பார்ப்பது. சிறு சுத்தியலால் தளம் முழுவதும் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். இற்ற மரம் மந்தமாக ஒலிக்கும். கலப்பற்றுக்காரரின் செவியறிவு இங்கும் வேண்டும். இற்ற பகுதியை நல்ல மரம் தோன்றும் வரை வெட்டி எடுக்கவேண்டும். தளத்தைத் தாங்கும் விட்டங்களின் இரு தலைப்புகளையும், அவை படகின் பக்கத்தோடு சேரும் மூலைகளையும் தவறாது பார்க்கவேண்டும். மழைநீர் தங்குவது அங்கேதான்.

அடுத்தது வளைவு. தளம் தட்டையாக இருத்தல் கூடாது. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழ்ந்திருந்தால்தான் நீர் வடியும். முன்னோர் விட்டங்களை வில்போலச் செதுக்கியது இதற்காகவே. புதிய ஒட்டுப்பலகையை அவ்வளைவோடு பொருந்த வைத்து, அதன் அடிப்பக்கத்திற்கும் வெட்டிய விளிம்புகளுக்கும் முதலிலேயே பிசின் ஊட்டவேண்டும். மேற்புறத்தை மட்டும் மூடிவிட்டு அடிப்புறத்தைத் திறந்து விட்டால், கீழிருந்து ஏறும் ஈரம் போக வழியின்றி உள்ளே சிறைப்படும். அப்போது போர்வையே நோய்க்கு மறைவிடமாகும்.

கண்ணாடித் துணி கூர்மையான மூலையில் படியாது. எனவே மூலைகளை உருட்டிவிடவேண்டும். தளமும் அறையின் சுவரும் சேரும் உள்மூலையில் பிசினும் மரத்தூளும் குழைத்து இட்டு வழித்துவிட்டால் துணி வளைந்து படியும். துணியை விரித்துப் பிசின் ஊற்றி உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றவேண்டும். தங்கிய குமிழி ஒவ்வொன்றும் நாளைய ஓட்டை. பாலியெஸ்டர் பிசினை இறுகச் செய்யும் மருந்து நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே சேர்க்கப்படும். வெப்ப நாட்டில் கலவை விரைவாக இறுகும். நண்பகல் வெயிலில் வாளியிலேயே கட்டியாகிவிடும். ஆகையால் நிழலில், ஈரமற்ற வேளையில், சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்யவேண்டும். அதன் ஆவி மூச்சுக்குத் தீங்கு. காய்ந்த இழையைத் தேய்க்கும் தூள் தோலையும் நுரையீரலையும் வருத்தும். முகமூடியும் கையுறையும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

மரத்தோடு பாலியெஸ்டர் பிசின் நன்கு ஒட்டுவதில்லை. எபாக்சிப் பிசின் உறுதியாக ஒட்டும். விலையோ மிகுதி. இது குறித்து அமெரிக்கப் படகு வினைஞரிடையே இரு நெறிகள் தோன்றின. 1969-ல் மிச்சிகனில் தொழில் தொடங்கிய கூஜன் சகோதரர்கள், மரத்தின் எல்லாப் பக்கங்களையும் எபாக்சியால் மூடி ஈரமே ஏறாதபடி செய்யவேண்டும் என்றனர். ஆலன் வைட்செஸ் என்பவரோ, பழைய மரம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்க இயலாது. ஆகையால் போர்வையைத் தன் வலிமையிலேயே நிற்குமாறு தடிமனாக்கி, ஒட்டை மட்டும் நம்பாமல் ஆணிகளாலும் இறுக்கவேண்டும் என்றார். புதிய ஒட்டுப்பலகைத் தளத்திற்கு முன்னதும், கழற்ற இயலாத பழைய பலகை உடலுக்குப் பின்னதும் பொருந்தும் என்பது நடுநிலையான முடிவு. பழைய பலகைத் தளத்தின் மேல் மெல்லிய துணி ஒன்றை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பது இரண்டு நெறிக்கும் புறம்பு. ஓரிரு மழைக்காலத்தில் பலகை அசைய, போர்வை இணைப்பு நெடுகிலும் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நன்னீர் வெளியேறாது.

இறுதியாக ஒன்று. தளத்தில் பொருத்தும் கம்பம், வளையம் ஒவ்வொன்றின் ஆணித்துளையையும் முதலில் அகலமாகத் துளைத்து, பிசினால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே மீண்டும் துளையிடவேண்டும். அவ்வாறு செய்தால் ஆணி வழியே கசியும் நீர் மரத்தைத் தொடாது. 'அலார்ம்' கப்பல் கற்பித்த பாடம் இத்துளைக்குள்ளே இருக்கிறது.

பழைய படகா, புதிய படகா?

இவ்வாறு தளம் மாறிய படகு பழைய படகாகுமா என்று சிலர் வினவலாம். இதற்குத் தமிழாசிரியர் தம் துறையிலேயே விடை காணலாம். செல்லரித்த ஏட்டிலிருந்து நூலைப் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட கேள்வியும் இதுவே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை வெளியிட்டபோது, ஏட்டில் சிதைந்துபோன இடங்களைத் தம் சொல்லால் நிரப்பிப் பழமை என்று காட்டவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார். பாடவேறுபாடுகளைத் தனியே குறித்தார். ஏடு மாறிக் காகிதமாயிற்று; நூல் மாறவில்லை. ஏனெனில் எது பழையது, எது புதியது என்பதை அவர் மறைக்கவில்லை.

படகைப் புதுப்பிப்பவருக்கும் அதுவே அறம். கண்ணாடி இழை குற்றமுள்ள பொருளன்று. மழையும் வெப்பமும் மிகுந்த இக்கரையில் பல படகுகள் நிலைபெற அதுவே உதவும். ஆனால் பழைய தளத்தின் வளைவையும், விட்டங்களின் இடைவெளியையும், பலகைகளின் அகலத்தையும் அளந்து எழுதி, படம் எடுத்து வைத்த பின்பே அதனைக் கழற்றவேண்டும். இற்றதை நீக்கிப் போர்த்தினால் அது மருத்துவம். இற்றதன் மேலேயே போர்த்தினால் அது பொய். வெளியில் பளபளக்கும் தளத்தின் கீழே விட்டம் மட்கிக்கொண்டிருக்குமானால், அப்படகை நம்பி ஏறுவோரின் உயிருக்கும் அது பகை.

அளவுகளோடு சொற்களையும் எழுதி வைத்தல் வேண்டும். கண்ணாடி இழைப் படகு அச்சில் வார்க்கப்படுவது. அதில் பலகை இணைப்பு இல்லை. ஆகவே கலப்பற்றும் இல்லை. தனி வங்குக்கு அங்கே பெரும்பாலும் வேலையில்லை. தொழில் நின்றதும் சொல் நிற்பது இயற்கை. அகராதியில் ஏறிய சொல் பிழைத்தது. கரையிலேயே வழங்கிய சொல் முதியவரோடு போய்விடும். நாகைப் பக்கத்திலிருந்தோ, இராமநாதபுரத்திலிருந்தோ, யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த குடும்பத்து மாணவர் வகுப்பில் இருப்பின், பாட்டனார் படகின் உறுப்புகளை என்ன பெயரிட்டு அழைத்தார் என்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம். ஒரு வகுப்பு பத்துச் சொல் திரட்டினாலும் அது வீணாகாது.

பாசிர் ரிஸ் என்ற பெயரைத் தந்ததாகச் சொல்லப்படும் விளிம்புக் கயிறு, பாயைப் பார்க்க மெல்லியது. காற்றை வாங்குவது பாய். ஆயினும் ஓரத்தில் அக்கயிறு தைக்கப்படாவிடின் முதற்காற்றிலேயே பாய் கிழியும். படகுக்குத் தளமும் அத்தகையதே. கடற்றொழிலுக்கு அதன் சொற்களும் அத்தகையனவே.